கண்ணாடிக்கு நிறம் கண்ட மீனவர் மகன்

மணலும் சாம்பலும் தீயும் கூடிப் பிறப்பது கண்ணாடி. மூன்றும் எளிய பொருள்கள், எங்கும் கிடைப்பவை. ஆயினும், அவற்றிலிருந்து மாணிக்கத்தின் செம்மையையும் மரகதத்தின் பசுமையையும் நீலத்தின் ஆழத்தையும் வரவழைக்கும் வித்தை எல்லார்க்கும் எட்டியதன்று. பல நூற்றாண்டுகளாகச் சில குடும்பத்தாரும் சில பட்டறையாரும் அதனைப் பிறர் அறியாவண்ணம் காத்து வந்தனர். வெனிஸ் நகரை அடுத்த மூரானோத் தீவின் கண்ணாடி வினைஞர், தம் தொழிலின் நுட்பத்தை வேற்று நாட்டுக்குக் கொண்டு செல்வதையே அந்நகர அரசு குற்றமாகக் கருதியது. ரோமாபுரியின் தேவாலயங்களை அணி செய்யும் வண்ணக் கண்ணாடிச் சில்லுகளைச் செய்யும் முறையும் அவ்வாறே மறைபொருளாக இருந்தது.

இன்று ருஷ்ய நாட்டுப் பழங்கண்ணாடிப் பொருள்களை அருங்காட்சியகங்கள் பேழைகளில் வைத்துப் போற்றுகின்றன. கலைப்பொருள் சேர்ப்போர் பெரும் பொருள் கொடுத்து வாங்குகின்றனர். செம்மணி நிறக் கோப்பைகள், பால்வெள்ளைப் பூச்சாடிகள், நீலப்பச்சை மைக்கூடுகள் ஆகியவற்றைக் காண்போர், அந்நாடு தொன்றுதொட்டே இக்கலையில் சிறந்திருந்தது போலும் என்று எண்ணுவர். உண்மை அதுவன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மகளிர் ஆடையில் தைக்கும் பாசிமணியையும் வண்ணக் கண்ணாடி அணிகளையும் ருஷ்யர் பெரும்பாலும் அயல்நாடுகளிலிருந்தே வருவித்தனர். அந்நிலையை மாற்றத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் மிகைல் லொமொனோசவ் என்பார்.

லொமொனோசவ் எனும் பெயரை அறிவியல் மாணவர் அறிவர். ருஷ்ய இலக்கியம் பயில்வோரும் அறிவர். கவிஞர், இலக்கண ஆசிரியர், வேதியியல் பேராசிரியர், மாஸ்கோப் பல்கலைக்கழகம் தோன்றக் காரணமாயிருந்தவர் எனப் பலவாறு அவர் புகழப்படுகிறார். ஆனால், உலையின் முன் வியர்வை வழிய நின்று, சிறு மூசைகளில் கண்ணாடியை உருக்கி உருக்கி நிறம் தேடிய லொமொனோசவைச் சிலரே அறிவர். அவருடைய வாழ்வின் அப்பகுதியை இம்மலரின் வாயிலாக நம் சங்கக் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம். ருஷ்யப் பொறியாளர்களோடு கலந்து பணிபுரிந்த இரும்பாலை நகரங்களின் தமிழ் இல்லங்கள் சிலவற்றில், கருநீல வலைக்கோலமும் பொற்புள்ளிகளும் இட்ட பீங்கான் கோப்பைகளைக் காணலாம். அவற்றின் அடிப்புறத்தில் நீல நிறத்தில் பொறித்த மூன்று ருஷ்ய எழுத்துகளுள் முதலாவது இவருடைய பெயரைக் குறிப்பதே. அப்பெயர் பீங்கானில் வந்து சேர்ந்த கதையையும் பின்னே கூறுவோம்.

வடகடற் சிற்றூர்

மிகைல் லொமொனோசவ் 1711-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள், ருஷ்யாவின் வட கோடியில், அர்க்காங்கெல்ஸ்க் நகருக்குத் தெற்கே கொல்மகோரி எனும் ஊரை அடுத்த ஆற்றுத் தீவொன்றில் பிறந்தார். தந்தையார் வசீலி சொந்தமாகக் கப்பல் வைத்திருந்த மீனவர், உழுகுடி மரபினர். வெண்கடலிலும் அதற்கு அப்பாலும் சென்று மீன் பிடிப்பதும், சரக்கு ஏற்றி இறக்குவதும் அவர் தொழில். பத்து வயதளவிலேயே மகனும் தந்தையோடு கடலேறினான். பனிப்பாறைகளும், கோடையில் மறையாத கதிரவனும், குளிர்கால வானில் ஆடும் வடமுனை ஒளியும் அவனுடைய முதற் பாடங்களாயின. பிற்காலத்தில் பேராசிரியராகி அவ்வானொளியைப் பற்றி ஆராய்ந்தபோது, அவர் ஏட்டில் மட்டும் படித்ததைப் பேசவில்லை. கண்ணாற் கண்டதையே பேசினார்.

தாயார் இளமையிலேயே மறைந்தார். சிற்றன்னைக்கு மகன் ஏடும் கையுமாக இருப்பது பிடிக்கவில்லை. அண்டை வீட்டாரிடம் எழுத்தறிந்த சிறுவன், மாக்னித்ஸ்கி இயற்றிய கணித நூலையும், ஸ்மொத்ரித்ஸ்கி இயற்றிய இலக்கண நூலையும் அயலார் ஒருவர் வீட்டிலிருந்து பெற்றுக் குளிரையும் பசியையும் பொருட்படுத்தாது, தனிமையான மூலைகளில் ஒதுங்கிப் படித்தான். அவ்விரு நூல்களையும் தம் கல்வியின் வாயில்கள் எனப் பின்னாளில் அவர் நினைவு கூர்வதுண்டு.

அவ்வூரில் அதற்கு மேல் கற்க வழியில்லை. 1730-ஆம் ஆண்டு டிசம்பரில், உறைந்த மீனை ஏற்றிக்கொண்டு மாஸ்கோவுக்குப் புறப்பட்ட வண்டித் தொகுதியோடு பத்தொன்பது வயது இளைஞர் லொமொனோசவ் வீட்டை விட்டு வெளியேறினார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பனிவழியைக் கடந்து, 1731 சனவரியில் அவர் மாஸ்கோவை அடைந்தார். பிறந்த ஊருக்கு அவர் மீண்டும் திரும்பவேயில்லை; தந்தையை மறுபடி காணும் பேறும் அவருக்கு வாய்க்கவில்லை. கல்வியின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் ஊரைத் துறந்து வந்த நம்மனோர்க்கு, இதன் சுமை இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை.

மூன்று காசுக் கல்வி

மாஸ்கோவிலிருந்த சிலாவிய-கிரேக்க-இலத்தீன் கல்விக்கழகத்தில் குடியானவர் பிள்ளைகளுக்கு இடமில்லை. எனவே தம்மை ஓர் உயர்குடியாளரின் மகன் என்று கூறிக்கொண்டு அவர் சேர்ந்தார். இலத்தீன் அரிச்சுவடி படிக்கும் சிறுவர்கள், தங்களினும் உயரமாக வளர்ந்த இவ்விளைஞரைச் சுட்டிக்காட்டி நகைத்தனர். நாளொன்றுக்கு மூன்று கோபெக் உதவிப்பணம். அரைக் கோபெக்குக்கு ரொட்டி, அரைக் கோபெக்குக்கு 'குவாஸ்' எனும் புளித்த பானம். எஞ்சியதில் காகிதமும் செருப்பும் பிறவும். ஊரிலிருந்து தந்தை, சொத்து இருக்கிறது, பெண்ணும் பார்த்தாயிற்று, திரும்பி வா என்று சொல்லியனுப்பிக் கொண்டேயிருந்தார். ஐந்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன.

சிறந்த மாணவர் சிலரைத் தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அறிவியற் கழகத்துக்கு அனுப்புமாறு ஆணை வந்தபோது, அவருள் ஒருவராக லொமொனோசவ் தெரிவு செய்யப் பெற்றார். 1736-இல் அக்கழகம் அவரை வேறிருவருடன் ஜெர்மனிக்கு அனுப்பியது. அவ்விருவருள் ஒருவர் திமீத்ரி வினொகிராதவ். மார்பர்க் நகரில் பேராசிரியர் கிறிஸ்தியான் வோல்ஃபிடம் இயற்பியலும் கணிதமும் தத்துவமும் பயின்று, பின்னர் ஃப்ரைபெர்க் நகரில் ஹென்கல் என்பாரிடம் கனிமவியலும் உலோகவியலும் கற்றனர். பண விவகாரத்திலும் பாடம் சொல்லும் முறையிலும் ஹென்கலோடு மனம் வேறுபட்டு, லொமொனோசவ் அவரை விட்டு நீங்கினார். 1740-இல் மார்பர்க் நகரத்து எலிசபெத் ஜில்ஹ் என்னும் நங்கையை மணந்தார். வழியில் பிரஷ்ய நாட்டுப் படைக்கு ஆள்பிடிப்போர் கையிற் சிக்கி, கோட்டையிலிருந்து தப்பி ஓடிய நிகழ்ச்சியும் அக்காலத்தில் நேர்ந்ததே. 1741-இல் அவர் பீட்டர்ஸ்பர்க்குக்குத் திரும்பினார்.

2184 சோதனைகள்

அறிவியற் கழகத்தில் அவர் பதவி பெற்றார், பகையும் பெற்றார். கழகத்தை ஆட்டிப்படைத்த அலுவலர்களோடும் அயல்நாட்டுப் பேராசிரியர்களோடும் அவர் பொறுமையின்றி மோதியதால், 1743-இல் காவலில் வைக்கப்பட்டு மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தார். அவர் சாந்த குணத்தர் என்று நாம் எழுதினால் அது உண்மையாகாது. ஆனால், வேதியியலுக்கென ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்று ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதி, மறுக்க மறுக்க மீண்டும் எழுதிய பிடிவாதமும் அதே குணத்தின் மறுபக்கமே. 1745-இல் வேதியியல் பேராசிரியரானார். 1748-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வசீலியெவ்ஸ்கித் தீவில், கழகத்தின் மூலிகைத் தோட்டத்தில், அவ்வாய்வுக்கூடம் எழுந்தது. அளவில் சிறியது. உள்ளே பலவகை உலைகளும் துல்லியமான தராசுகளும் இருந்தன.

அக்காலத்தில் வொரொன்த்ஸோவ் என்னும் பெருமகனார், ரோமாபுரியிலிருந்து மொசைக் சித்திரங்கள் சிலவற்றைக் கொண்டு வந்திருந்தார். நம் இல்லங்களில் மொசைக் தரையைக் கண்டிருக்கிறோம். அது சலவைக்கல் துணுக்குகளைச் சுண்ணத்தில் பதித்து மெருகிட்டது. ரோமாபுரி மொசைக்கோ ஒளிபுகாத வண்ணக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துச் செய்த ஓவியம். எண்ணெய் வண்ணம் நாளடைவில் கறுக்கும். துணி நைந்து போகும். கண்ணாடிச் சில்லின் நிறம் நூற்றாண்டுகள் கடந்தும் மங்காது. அவற்றைக் கண்ட லொமொனோசவின் உள்ளத்தில் இந்தக் கண்ணாடியை நாமும் செய்ய வேண்டும் என்னும் உறுதி பிறந்தது. செய்முறையைச் சொல்லித் தருவார் எவருமில்லை.

ஆகவே அவர் தராசை எடுத்தார். கண்ணாடிக்கு நிறம் தருவது பெரும்பாலும் உலோகமே. வெறுங் கண்ணாடிக் கலவையில் செம்பின் சேர்மத்தைச் சிறிது கூட்டினால், உலையின் நிலைக்கேற்பப் பச்சையோ நீலப்பச்சையோ சிவப்போ தோன்றும். கோபால்டு ஆழ்ந்த நீலம் தரும். மாங்கனீஸ் ஊதா தரும். எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு நேரம் உருக்குவது, எத்துணை வெப்பத்தில் இறக்குவது என்பவற்றில் இம்மியளவு மாறினாலும் நிறம் மாறிவிடும். இவற்றுள் மிகக் கடினமானது பொன்னால் ஆகும் மாணிக்கச் சிவப்பு. பொன்னை இராஜ திராவகத்தில் கரைத்து, அதனை மிக நுண்ணிய அளவில் கலவையோடு சேர்த்து உருக்கினால், முதலில் வெளிவரும் கண்ணாடி ஏறக்குறைய நிறமற்றே இருக்கும். பொன் வீணாயிற்று என்று அறியாதவர் எறிந்து விடுவர். அதனையே மீண்டும் பதமாகச் சூடேற்றினால், கண்ணெதிரே செம்மை பூத்துப் பரவும். பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் குன்கல் என்பார் கைவரப்பெற்ற இவ்வித்தையை, லொமொனோசவ் தம் உலையில் தாமே கண்டறிந்து ருஷ்யாவில் நிலைநாட்டினார்.

ஒவ்வொரு சோதனையிலும் இட்ட பொருளின் எடையையும் விளைந்த நிறத்தையும் அவர் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். பட்டறைக்காரர் கண்ணாலும் கைப்பழக்கத்தாலும் செய்ததை, அவர் எண்ணாலும் எழுத்தாலும் செய்தார். 1752-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவருடைய முதல் மொசைக் சித்திரம் நிறைவெய்தியது. இத்தாலிய ஓவியர் சொலிமேனா தீட்டிய கன்னிமரியின் உருவத்தைப் பார்த்து அமைத்தது அது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சில்லுகளைத் தம் கையாலேயே பதித்ததாகவும், அவற்றுக்கு வேண்டிய நிறங்களைக் காண 2184 சோதனைகள் செய்ததாகவும் அவர் கணக்குக் கொடுத்திருக்கிறார். அச்சித்திரத்தைப் பேரரசி எலிசவேத்தாவுக்குக் காணிக்கையாக்கினார்.

அதே ஆண்டின் முடிவில், தம் புரவலராகிய இவான் ஷுவாலவுக்குக் கண்ணாடியின் பயனைப் பற்றி நீண்ட செய்யுள் மடல் ஒன்றை அவர் இயற்றினார். பொன்னையும் மணியையும் பாடுவார் மலிந்த காலத்தில், மலிவான கண்ணாடியை அவர் பாடினார். மருந்தைக் காக்கும் குப்பி, குளிரைத் தடுத்து ஒளியை விடும் சாளரம், முதியோர்க்குப் பார்வை தரும் மூக்குக்கண்ணாடி, விண்மீனைக் காட்டும் தொலைநோக்கி, பெண்கள் அணியும் பாசிமணி ஆகிய அனைத்தும் அதில் இடம் பெற்றன. கண்ணாடி மணிக்காகப் பொன்னைக் கொடுத்த அமெரிக்கப் பழங்குடியினரையும், பொன்னாசையால் அவர்களை அழித்த ஐரோப்பியரின் கொடுமையையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை.

ஊஸ்த்-ருதித்ஸா ஆலை

ஆய்வுக்கூடத்தில் விரற்கடை அளவில் செய்ததை ஆலையில் வண்டிக்கணக்கில் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். 1752 டிசம்பரில் அரசின் இசைவு கிடைத்தது. வண்ணக் கண்ணாடி, பாசிமணி, குழல்மணி ஆகியவற்றைச் செய்ய முப்பதாண்டுத் தனியுரிமையும், வட்டியில்லாக் கடனாக நாலாயிரம் ரூபிளும் வழங்கப்பட்டன. 1753 மார்ச்சில், தலைநகருக்கு மேற்கே ஊஸ்த்-ருதித்ஸா என்னுமிடத்தில் நிலமும் காடும், அவற்றோடு இருநூற்றுக்கு மேற்பட்ட ஆண் குடியடிமைகளும் பேரரசியின் ஆணைப்படி அவருக்கு உரிமையாக்கப்பட்டனர்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். குடியானவர் மகன் என்பதை மறைத்தாலன்றிப் பள்ளியில் சேர முடியாதிருந்தவர் இவர். அவரே இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் குடியானவரை உடைமையாகப் பெற்றார். அக்காலத்து ருஷ்யாவில் ஆலை வைத்தவர் பலரும் அவ்வாறே வேலையாட்களைப் பெற்றனர் என்பது வரலாறு. எனினும் அழகிய கண்ணாடியைக் கையில் ஏந்திப் பார்க்கும்போது, அதனைச் செய்த கைகள் எவருக்குரியனவாக இருந்தன என்பதையும் அறிந்து பார்ப்பதே முறை. அக்குடியானவர் வீட்டு இளைஞர்களே மணி இழுக்கவும் குடுவை ஊதவும் கற்றுத் தேர்ந்த வினைஞராயினர் என்பதும் அவ்வரலாற்றில் சேர்ந்ததே.

ஊஸ்த்-ருதித்ஸாவில் ஆற்றை மறித்து அணை கட்டினர். ஆற்று நீர் சுழற்றிய சக்கரம் கண்ணாடியை அரைக்கவும் மெருகிடவும் உதவியது. ஆலையின் அமைப்பையும் பொறிகளையும் லொமொனோசவே வகுத்தார். முதலில் பாசிமணியும் குழல்மணியும் மொசைக் சில்லும் செய்தனர். பின்னர் நீலப்பச்சை நிற மேசைப் பாத்திரங்கள், மைக்கூடுகள், மூக்குப்பொடிச் சிமிழ்கள், குடுவைகள் ஆகியவையும் செய்தனர். ஒரானியென்பவும் ஊரில் 1760-களில் கட்டப்பட்ட சீன மாளிகையில் குழல்மணி அறை ஒன்று உண்டு. பால்வெள்ளைக் குழல்மணிகள் தைத்த பின்னணியில் விந்தைப் பறவைகள் பூவேலையாக மிளிரும் பலகைகளை இன்றும் அதன் சுவர்களில் காணலாம். அக்குழல்மணிகள் லொமொனோசவின் ஆலையில் ஆனவை என்று கூறுவர்.

ஆலையைத் தொடங்கிய அதே 1753-ஆம் ஆண்டு ஆகஸ்டில், அவருடைய நண்பரான பேராசிரியர் ரிக்மன், இடிமுழக்கத்தின்போது மின்சாரத்தை அளக்க முயன்று, மின்னல் தாக்கி மாண்டார். அதே வேளையில் லொமொனோசவும் தம் இல்லத்தில் அத்தகைய சோதனையில் ஈடுபட்டிருந்தார். நண்பரின் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைக்க வேண்டுமென்றும், இவ்விபத்தைக் காட்டி அறிவியலைப் பழிக்கலாகாதென்றும் கவலைப்பட்டு அவர் அன்றே ஷுவாலவுக்கு மடல் எழுதினார்.

ஆலையின் சுமை அவருடைய பிற பணிகளைத் தடுத்ததாகத் தெரியவில்லை. 1755-இல் அவர் வகுத்த திட்டத்தின்படி, ஷுவாலவின் முயற்சியால் மாஸ்கோவில் பல்கலைக்கழகம் தோன்றியது. அதே ஆண்டில் ருஷ்ய மொழி இலக்கணத்தை எழுதி முடித்தார். 1756-இல் உலோகங்களைக் கண்ணாடிக் கலங்களில் இட்டு, வாயை உருக்கி மூடிக் காய்ச்சி, வெளிக்காற்றுப் புகாதவிடத்து எடை கூடுவதில்லை என்று கண்டார். 1761 சூன் 6-ஆம் நாள் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்தபோது, தம் வீட்டிலிருந்து தொலைநோக்கியால் பார்த்து, அக்கோளுக்கும் வளிமண்டலம் உண்டு எனும் முடிவுக்கு வந்தார். மூடிய கலமும் தொலைநோக்கியின் வில்லையும் கண்ணாடியே. அவர் பாடிய கண்ணாடி அவருக்குக் கண்ணாகவும் கருவியாகவும் துணை நின்றது.

பொல்தாவாப் போர்ச்சித்திரம்

தலைநகரில் மொய்கா ஆற்றங்கரையில் அவர் கட்டிய வீட்டை ஒட்டியே மொசைக் பட்டறை இருந்தது. அங்கு மத்வேய் வசீலியெவ், எஃபீம் மேல்னிகவ் என்னும் இளம் ஓவியர் இருவரும் பிறரும் அவரிடம் பயின்று பணிபுரிந்தனர். மகா பீட்டர், பேரரசி எலிசவேத்தா முதலியோர் உருவங்கள் அங்கு உருவாயின.

யாவற்றினும் பெரியது பொல்தாவாப் போர்ச்சித்திரம். 1709-இல் மகா பீட்டர் சுவீடன் படையை வென்ற நிகழ்ச்சி அது. பீட்டரின் கல்லறை உள்ள தேவாலயத்தில், அவருடைய வாழ்க்கையை விளக்கும் மொசைக் வரிசை ஒன்றை அமைக்க வேண்டும் என்பது திட்டம். அதன் முதற் பகுதியாக 1762 முதல் 1764 வரை இச்சித்திரம் செய்யப்பட்டது. ஏறத்தாழ ஆறரை மீட்டர் அகலமும், ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமும் கொண்ட பெருஞ் செப்புத் தட்டில், கண்ணாடிக் கோல்களின் முனைகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பசையில் பதித்து, பிறகு முகப்பை அரைத்துச் சமன் செய்தனர். பரி மேல் வீற்றிருக்கும் பீட்டரும், புகையும், வீழ்ந்த வீரரும் அதில் தோன்றுகின்றனர். இத்தாலிய நாட்டுப் பொலோஞ்ஞா அறிவியற் கழகம் மொசைக் கலையில் இவர் பெற்ற வெற்றியை அறிந்து 1764-இல் இவரை மதிப்புறு உறுப்பினராக ஏற்றது. எந்த நாட்டிலிருந்து வித்தை வெளிவராது என்றிருந்ததோ, அந்நாட்டவரே அளித்த மதிப்பு அது. அவ்வாண்டு சூனில் பேரரசி இரண்டாம் கேத்தரின் அவர் இல்லத்துக்கே வந்து பட்டறையைப் பார்வையிட்டார்.

மறைவும் பின்னும்

ஆயினும் உடல் தளர்ந்திருந்தது; கடன் வளர்ந்திருந்தது. அடுத்த சித்திரம் தொடங்கிய நிலையிலேயே நிற்க, 1765-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் லொமொனோசவ் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்தபின் நிகழ்ந்தவை நெஞ்சை வருத்துவன. தேவாலயத் திட்டத்தை அரசு கைவிட்டது. மனைவியார் மறு ஆண்டே மறைந்தார். 1768-இல் ஊஸ்த்-ருதித்ஸாவின் உலைகள் அணைந்தன. கட்டடங்கள் சிதைந்து மண்ணாயின. பொல்தாவாச் சித்திரம் வைக்க இடமின்றி, நெடுங்காலம் இடம் மாறி மாறிக் கிடந்தது. 1925-இல்தான் பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகக் கட்டடத்தின் பெரிய படிக்கட்டுச் சுவரில் நிலைபெற்றது. அன்று லெனின்கிராட் எனப்பட்ட அந்நகரில் இன்றும் அங்கேயே உள்ளது. அவருடைய பட்டறையில் ஆன மொசைக் சித்திரங்கள் ஏறக்குறைய நாற்பது என்பர்; எஞ்சியவை இருபதுக்குச் சற்று மேல். 1949-இல் ஊஸ்த்-ருதித்ஸாவில் அகழாய்வு தொடங்கியபோது, உலையின் அடித்தளங்களும் மூசைத் துண்டுகளும் வண்ணச் சில்லுகளும் பாசிமணிகளும் மண்ணினின்று வெளிப்பட்டன. இருநூறு ஆண்டு மண்ணில் கிடந்தும் நிறம் மாறாத சில்லுகள் அவை.

ஆலை அழிந்தது, வித்தை அழியவில்லை. அதற்குக் காரணம் ஒன்றுண்டு. ஆய்வுக்கூட நாள்களிலேயே, தலைநகரின் அரசுக் கண்ணாடி ஆலையிலிருந்து பியோத்தர் துருஷீனின் எனும் மாணவரை அவரிடம் அனுப்பி வைத்தனர். தாம் அரும்பாடுபட்டுக் கண்ட நிறக்கலவை முறைகளை லொமொனோசவ் அவருக்குக் கற்பித்தார். துருஷீனின் திரும்பிச் சென்று அரசு ஆலையில் வண்ணக் கண்ணாடி செய்தார். அவ்வாலை பின்னர்ப் பேரரசுக் கண்ணாடி ஆலை எனப் பெயர் பெற்று, அரண்மனைகளுக்குரிய சாடிகளையும் கோப்பைகளையும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் செய்து வந்தது. இன்று தொல்கலைப் பொருளாகப் போற்றப்படும் ருஷ்ய வண்ணக் கண்ணாடியில், அந்தச் சிறிய ஆய்வுக்கூடத்தின் தராசும் குறிப்பேடும் மறைந்து நிற்கின்றன. மறைத்து வைத்திருந்தால் அவரோடு அவருடைய ஆலையைப் போலவே அவ்வித்தையும் மாய்ந்திருக்கும். அளந்து எழுதிப் பிறர்க்குக் கற்பித்ததால் நிலைத்தது.

பீங்கானின் செய்திக்கு வருவோம். ஜெர்மனியில் உடன் பயின்ற வினொகிராதவ், 1744-இல் தொடங்கிய அரசுப் பீங்கான் ஆலையில் அமர்ந்து, வெண்பீங்கானின் இரகசியத்தைத் தம் உழைப்பால் கண்டறிந்து தந்தவர். அதற்குப் பரிசாக அவர் பெற்றது காவலும் விலங்குமே. தப்பி ஓடாதபடி கட்டி வைத்து வேலை வாங்கப்பட்டு, 1758-இல் இளவயதிலேயே மாண்டார். 1890-இல் கண்ணாடி ஆலையைப் பீங்கான் ஆலையோடு இணைத்தனர். 1925-இல் அறிவியற் கழகத்தின் இருநூறாம் ஆண்டு விழாவின்போது, அவ்வாலைக்கு லொமொனோசவின் பெயர் சூட்டப் பெற்றது. 2005-இல் அது தன் பழைய பெயருக்கே திரும்பியது. ஆகவே நம் இல்லத்துக் கோப்பைகளின் அடியிலுள்ள எழுத்தைக் காணும்போது, பெயர் பெற்ற ஒருவரையும், பெயர் பெறாத அவருடைய தோழரையும் சேர்த்தே நினைப்பது நன்று.

1940 முதல் மாஸ்கோப் பல்கலைக்கழகமும் லொமொனோசவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பல்கலைக்கழகத்தில்தான் அறிஞர் அலெக்சாந்தர் துபியான்ஸ்கி, 2020-இல் மறையும்வரை, பல்லாண்டுகள் ருஷ்ய மாணவர்க்குத் தமிழ் கற்பித்தார். சங்க இலக்கியத்தை ஆராய்ந்தார். மீன்வண்டியோடு நடந்து வந்த ஓர் இளைஞன் விரும்பிய கல்விக்கூடத்தில், நம் தாய்மொழிக்கும் ஓர் இருக்கை கிடைத்ததை எண்ணி மகிழ்கிறோம்.

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நாமும், நம் கைத்திறன்களையும் சமையற் பக்குவங்களையும் பாட்டையும் கோலத்தையும் நினைவிலேயே வைத்துக் கொண்டிருக்கிறோம். தெரிந்தவர் மறைந்தால் அவையும் மறைந்துவிடும். அளவோடு எழுதி வைப்பதும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துக் கற்றுக் கொடுப்பதும் நம்மால் ஆகாதவை அல்ல. வரும் ஆண்டில் நம் சங்கத்தின் மகளிர் பிரிவும் இளைஞர் பிரிவும் அப்பணியைத் தொடங்குமாயின், இக்கட்டுரை எழுதிய பயன் நமக்குக் கிட்டும்.